சோம்பேறிக் காற்றுக்கு ஐந்து பாட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள ஒட்டடைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தினமும் புதுப் புகார் ஒன்று சொல்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இல்லை, ஒட்டடைக்குச்சி என்ற பட்டத்தை இன்னும் கட்டிக் காப்பாற்றுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. போன வாரம் எங்கள் கண்ணாடிக் கடைக்கு ஒரு அம்மா வந்தார். பரிசோதனை முடிந்து நான் லென்ஸ் அளவு எழுதும்போது, என்னையறியாமல் எதையோ முணுமுணுத்திருக்கிறேன்.

"என்ன பாட்டு அது? நான் கேட்டதே இல்லையே?"

"நான் எழுதினதுங்க. மெட்டு என் தம்பி போட்டது."

"தம்பி மியூசிக் பண்றவரா?"

"லிஃப்ட் மெக்கானிக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. குழந்தைகளுக்காக நாடகக் குழு நடத்துகிறாராம். செப்டம்பரில் புது நாடகம். ஒரு சோம்பேறிக் காற்று, 'இனிமேல் வீசமாட்டேன்' என்று படுத்துக்கொள்கிறது. பட்டம் பறக்கவில்லை, துணி காயவில்லை, ஊரே வந்து கெஞ்சுகிறது. "அஞ்சு பாட்டு வேணும், பண்ணித் தர்றீங்களா?" என்று கேட்டார். உன்னைக் கேட்க வேண்டும் என்று நினைப்பதற்குள் என் தலை ஆடிவிட்டது. திட்டாதே!

ஸ்டுடியோ வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. நீ அங்கே, நான் இங்கே, ஆளுக்கொரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் நம் சொத்து. பதிவு செய்து, வெட்டி, ஒட்ட ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். விசாரித்ததில் மூன்று தேறின. ஒன்று முழுக்க இலவசம். ஒன்று பெரிய ஆட்கள் வைத்திருப்பது, மாதாமாதம் வாடகை கேட்கும். மூன்றாவது நடுத்தரம். கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் ஒரே தடவை சிறு தொகை கட்டினால் போதும். எதை எடுக்கலாம்?

உன் குடியிருப்பு இன்டர்நெட்டில் ஒரு பாட்டு வந்து சேர்வதற்குள் நாடகமே முடிந்துவிடும். அதனால் நான் பாடியதை பென் டிரைவில் போட்டு, இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். போனில் நீ பேசுவதெல்லாம் 'ம்', 'சரி', 'வைக்கட்டுமா'. எழுதும்போதுதான் மனுஷனாகிறாய். எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தொல்லை செய்யப்போகும்,
அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். என் கட்டில்தான் சுகமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேலே ஏறிக் குதித்ததில் ஒரு பலகை போய்விட்டது.

ஐந்து பாட்டா! திட்டுவதா? நீ ஐம்பது என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

இலவசமானதை அன்றைக்கே மேஸ்திரியின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கி எடுத்து வந்துவிட்டேன். அதற்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறேன். திறந்தால் சத்தம் அலையலையாய்த் தெரிகிறது, வேண்டாத இடத்தை வெட்டி எறியலாம். உன் குரலில் நீ மூச்சு வாங்கும் இடத்தையெல்லாம் வெட்டிப் பார்த்தேன். மூச்சே விடாமல் பாடும் பேய் மாதிரி இருந்தது. திரும்ப ஒட்டிவிட்டேன்.

இதைக் கேள். ஒவ்வொரு கட்டடத்து லிஃப்ட் மணியும் ஒவ்வொரு சுரம். நான் பழுது பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் பதிவு செய்து சேர்க்கிறேன். லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிறு இருக்கிறதே, அதைத் தட்டினால் யாரோ பெரிய உருவம் ஒன்று கொட்டாவி விடுவது போலிருக்கிறது. நம் காற்று சோம்பல் முறிக்கும் இடத்துக்கு அதுதான்! இரண்டு மைக் வைத்து எடுத்தேன், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஹெட்போன் போட்டால் கதவு இந்தக் காதில் மூடுகிறது, மணி அந்தக் காதில் அடிக்கிறது. தலைக்குள்ளேயே ஒரு கட்டடம் எழும்பி நிற்கிறது, அக்கா!

முதல் பாட்டு உள்ளே இருக்கிறது. மாமாவையும் கேட்கச் சொல். அம்மாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

தரையில் படுத்துக்கொண்டு எழுதும்,
ஒட்டடை

*

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

கட்டிலைச் சரி செய்தாயா? இங்கே முழங்கால் உட்பட எல்லோரும் நலம். உன் பாட்டைக் கேட்டு அம்மா தாளம் போட்டார், அதுவும் வலிக்கும் காலால்.

நான் எங்கே பதிவு செய்கிறேன் சொல் பார்க்கலாம். கடையின் கண் பரிசோதனை இருட்டறையில்! நான்கு பக்கமும் கறுப்புத் திரை, தெருச் சத்தம் எட்டிப் பார்க்காது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி சாவி கொடுத்தார். எழுத்து அட்டைக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்தே பாடினேன்.

ஆனால் கத்தரிக்கோல் நம் வேலைக்குப் போதாது. நான் பாடினால் என் குரல் ஒரு நொடி தாமதித்துத்தான் ஹெட்போனில் வருகிறது. நானே என்னைப் பழிப்புக் காட்டுவது போலிருந்தது. மாமா கை தட்ட, அது தப்பாய் விழ, மறுபடி தட்ட... "என் கை வீங்கிப் போச்சு. வேற சாஃப்ட்வேர் பாரேன்" என்கிறார். மேலே மேலே குரல் அடுக்கினால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. வாடகைக்காரனையும் பார்த்தேன். அழகன்தான். ஆனால் நாடகம் முடிந்த பிறகும் மாதாமாதம் நம் வாசலில் வந்து நிற்பானே? எனக்கு நடுத்தரத்தின் மேல்தான் கண். நீ சொன்னால் இறக்கிவிடுகிறேன்.

அடுத்த மெட்டு எப்போது? காற்று தூங்கும் தாலாட்டுக்கு வரிகள் எழுதிவிட்டேன், உள்ளே வைத்திருக்கிறேன்.

கை வீங்கிய மாமாவும் தொண்டை கட்டிய நானும் சொல்வது: சீக்கிரம்!
அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நலமென்றால் ஏன் பதில் இல்லை? என் கடிதம் கிடைத்ததா? போன் அடித்தேன், எடுக்கவில்லை. பிறகு 'வேலை அதிகம்' என்று ஒரு செய்தி. அது உன் பேச்சு மாதிரியே இல்லை.

நாடகக்கார அம்மா மூக்குக்கண்ணாடியின் காம்பு தளர்ந்துவிட்டது என்று வந்தார். முதல் பாட்டைப் போட்டுக் காட்டினேன். லிஃப்ட் கயிறு கொட்டாவி விட்டதும் அவரும் கொட்டாவி விட்டார்! பிறகு தன்னை நினைத்துத் தானே சிரித்தார். "மத்த நாலும் எப்ப?" என்கிறார். என்ன சொல்லட்டும்?

ஒரு வரியாவது எழுது.
அக்கா

*

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நடுவில் கொஞ்சம் உடம்பு சரியில்லை. தலைசுற்றல். இப்போது தேறிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே, முழங்காலோடு என்னையும் சேர்த்துக் கவலைப்படுவார். இப்போதெல்லாம் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நிற்பதில்லை, ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து மோட்டார் பார்க்கிறேன். நிம்மதியான வேலை.

சாஃப்ட்வேர் விஷயம். நடுத்தரமே எடுக்கலாம், ஆனால் இரண்டு வசதி இருக்கிறதா என்று பார். சத்தத்தின் அளவைக் காட்டும் பட்டைகள் பெரிதாக, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பளிச்சென்று தெரிய வேண்டும். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று, தனித்தனியாக. அப்புறம், இரண்டு பக்கத்தையும் ஒன்றாய்ச் சேர்த்துக் கேட்க ஒரு பட்டன் வேண்டும். இவை இல்லாவிட்டால் எனக்கு வேண்டாம். மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

தாலாட்டு வரிகள் அருமை. மெட்டு வந்துவிட்டது. வந்துகொண்டே இருக்கிறது.

அன்புடன்,
ஒட்டடை

*

மே 14

அன்புள்ள தம்பிக்கு,

தலைசுற்றலா? டாக்டரைப் பார்த்தாயா? என்ன சொன்னார்? நேரத்துக்குச் சாப்பிட்டால் தலை ஏன் சுற்றுகிறது? இதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

உன் நிபந்தனைகளைப் படித்துவிட்டு மாமா, "பாட்டு போடப் போறானா, டிராஃபிக் சிக்னல் வைக்கப் போறானா?" என்கிறார். இருந்தாலும் போன ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். நடுத்தரத்தில் இரண்டுமே இருக்கிறது! பட்டைகளை இழுத்துப் பெரிதாக்கினால் திரையில் பாதியை அடைத்துக்கொள்கிறது. ஒன்றாய்ச் சேர்க்கும் பட்டன் ஓரத்தில் குட்டியாக இருக்கிறது. இன்னும் கேள். குரல், மணி, கயிறு, கைதட்டல் எல்லாம் தனித்தனி அடுக்காய் நிற்கும். இன்றைக்கு வைத்ததை அடுத்த மாதம் கூட நகர்த்தலாம். நீ அங்கே சேமித்த கோப்பை நான் இங்கே திறந்தால் அதே அடுக்குகள் அப்படியே வரும். நம் பழைய கம்ப்யூட்டரும் திணறவில்லை. தாமதமும் போச்சு! நான் பாட, உடனே என் குரல். சந்தோஷத்தில் இருட்டறையில் ஒரு சுற்றுச் சுற்றி நாற்காலியில் இடித்துக்கொண்டேன்.

இதில் உனக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஆரம்பி ராசா.
அக்கா

*

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலம்.

ஐயோ, என்ன சாஃப்ட்வேர் இது! ஒர்க்‌ஷாப்பில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஊர் கெஞ்சும் பாட்டில் முதலில் ஒருவர் கெஞ்சுகிறார், பிறகு வீதி, பிறகு மொத்த ஊரும். எல்லாமே உன் ஒரு குரல்தான்! நகலெடுத்து, கொஞ்சம் நகர்த்தி, கொஞ்சம் குரலை மாற்றி ஒரு ஊரையே செய்துவிட்டேன். நீ இப்போது கிழவன், நீ துணி துவைக்கிறவள், நீ பட்டம் விடும் பொடியன்.

தாலாட்டும் முடிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் ஓடி ஓய்கிற சத்தத்தைத்தான் அடியில் வைத்திருக்கிறேன். அன்றைக்கே தபாலில் போட வேண்டும் என்ற அவசரத்தில் முடித்தேன். மாமாவும் நீயும் கேட்டுவிட்டு உடனே எழுதுங்கள்.

பொறுமை இல்லாத,
ஒட்டடை

*

ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் மாமாவும் நலம். நான் நலமா என்பதை இந்தக் கடிதத்துக்கு நீ எழுதும் பதில்தான் சொல்ல வேண்டும்.

ஊர் கெஞ்சும் பாட்டு பிரமாதம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். முதலில் தாலாட்டு.

மாமா ஹெட்போன் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். வாங்கி நானும் கேட்டேன். காற்று தூங்கிப்போகிறது, மோட்டார் மெல்ல ஓய்கிறது, அப்போது இடது காதில் யாரோ தெளிவாகக் கத்துகிறார்: "டேய் நெட்டை, உன் டீ ஆறுது! நான் குடிச்சிடவா?"

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு ஈ குறுக்கே பறந்தால் கூட 'மறுபடி எடு' என்கிற ஆள் நீ. இது உனக்குக் கேட்கவில்லையா?

முதல் பாட்டையும் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். முதல் பாட்டில் அந்தக் கட்டடம் தலைக்குள் எழும்பி நிற்கிறது. புதியவற்றில் வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் யாரும் குடியில்லாத வீடு போல, எது எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் சிலர் ஒரு கண் தெரியாததை மறைப்பார்கள். நல்ல கண்ணால் பார்க்கும்போதே அட்டையின் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு, மற்ற கண்ணின் முறை வரும்போது கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் பேசாமல் அட்டையை மாற்றி வைத்துவிட்டு, "இப்ப படிங்க" என்பேன்.

பெரிய பட்டைகள். ஒன்றாய்ச் சேர்க்கும் பட்டன். தலைசுற்றல். கூண்டின் மேல் ஏறாத வேலை. எடுக்காத போன்.

அட்டையை மாற்றி வைத்துவிட்டேன், தம்பி. இடது காதா? எப்போதிலிருந்து?

அக்கா

*

ஜூன் 30

அக்கா,

ஆமாம். இடது காது.

மார்ச் கடைசியில், ஒரு நாள் காலையில் எழுந்தேன். அறை சுற்றியது. இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன், முட்டாள். அப்புறம் டாக்டர், மாத்திரை, காதுக்குள் ஊசி. தலைசுற்றல் போய்விட்டது. காது வரவில்லை. எதனால் என்று கேட்டேன். "சில பேருக்கு இப்படி வரும், காரணம் தெரியாது" என்றார். இந்தக் காது இனி கேட்காது என்பதை மட்டும் தெரிந்த மாதிரி சொன்னார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "பாட்டு கிடக்கட்டும், உடம்பைப் பார்" என்பாய். பாட்டு கிடந்தால் எனக்கு என்ன இருக்கிறது? நீ கொடுத்த பட்டைகளை வைத்து இடது பக்கத்தைக் கண்ணால் பார்த்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பட்டையில் சத்தம் எவ்வளவு என்று தெரிகிறது, என்ன சத்தம் என்று தெரியவில்லை. தாலாட்டை முடித்த சந்தோஷத்தில் அந்தப் பட்டனை அழுத்திக் கேட்க மறந்துவிட்டேன். அந்த டீயையும் அவன்தான் குடித்தான்.

நாடகக்கார அம்மாவிடம் சொல்லிவிடு. நேரம் இருக்கிறது, வேறு நல்ல ஆளாகப் பார்க்கட்டும். மெட்டுகளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் தம்பி

*

ஜூலை 8

அன்புள்ள ஒட்டடைக்கு,

அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். மாமா தேங்காயெண்ணெய் தேய்க்கிற சாக்கில் குளியலறையில் போய் அழுதார், கண் சிவந்ததற்கு எண்ணெய்மேல் பழி போட்டார். அம்மாவிடம் நானே சொன்னேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "இனிமே நான் அவனோட வலது பக்கம் உக்காந்து பேசுறேன்" என்றார். அவ்வளவுதான். நீ பயந்த அளவுக்கு ஒன்றும் இடிந்து விழவில்லை.

நாடகக்கார அம்மாவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நான் கண்ணாடிக் கடைக்காரி. பார்வை குறைந்தால் லென்ஸை மாற்றுவோமே தவிர, ஆளை மாற்றமாட்டோம்.

கேள். உன் தாலாட்டுக் கோப்பை இங்கே திறந்தேன். அடுக்குகள் எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. டீக்காரரை வெட்டி எறிந்தேன் (தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன், மனம் வரவில்லை). மோட்டாரைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினேன். என் குரலை நடுவில் வைத்தேன். மணிகளை இரண்டு பக்கமும் பிரித்து வைத்தேன். மாமா கேட்டுவிட்டு, "அவன் பாட்டுதான்" என்றார். நான் ஒரு சுரம் கூட மாற்றவில்லை, எது எங்கே உட்கார வேண்டும் என்று மட்டும் பார்த்தேன்.

இனிமேல் இப்படித்தான். நீ அந்தப் பட்டனை அழுத்தி வைத்துக்கொண்டே பாட்டைச் செய். மெட்டு, தாளம், எந்தச் சத்தம், எவ்வளவு சத்தம், எல்லாம் உன் ராஜ்யம். இடம் வலம் என் வேலை. சாஃப்ட்வேருக்கு உரிய பணத்தையும் கட்டிவிட்டேன். இனி நீ பின்வாங்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

கடைசிப் பாட்டில் காற்று எழுந்து வீசும் இடம் இருக்கிறதல்லவா, அதில் எனக்கு ஒரு யோசனை. என்ன என்று சொல்லமாட்டேன். செப்டம்பரில் லீவு போட்டு வா.

உன்மேல் பரிதாபமே படாத,
அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் நாற்காலியை இப்போதே வலது பக்கம் போட்டு வைக்கச் சொல். லீவு கிடைத்துவிட்டது!

நான்காவது, ஐந்தாவது பாட்டுகள் உள்ளே. ஒர்க்‌ஷாப் கொல்லையில் உண்மையான காற்றையே பிடித்தேன். ஒரு காலிக் குழாயின் வாயில் மைக்கை வைத்தேன். ஒரே மைக்தான். அந்த டீக்காரனே குழாயைப் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றான். அவன் குரல் உன்னிடம் பத்திரமாக இருப்பதைச் சொன்னேன். "பாட்டுல என் பேரு போடுவாங்களா?" என்கிறான்.

நான்காவது பாட்டில் முரசைக் குறைக்காதே! நீ குறைப்பாய் என்று தெரியும். அது என் ராஜ்யம்.

சண்டைக்குத் தயாராக,
ஒட்டடை

*

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்ததையெல்லாம் பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன். நேரில் வந்து போனவன் உடனே கடிதம் எழுதுகிறானே என்று பார்க்காதே. நாடகத்தன்று நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அரங்கின் பின்பக்கம், கம்ப்யூட்டரும் வயர்களுமாய் இருந்த அந்த மேசைக்குப் பக்கத்தில் நாம் நின்றோம். எனக்கு முன்னால் வரிசை வரிசையாகக் குழந்தைகளின் தலைகள், ரிப்பனும் தொப்பியும் கலைந்த முடியுமாக. மேடையில் ஊர் கெஞ்சி முடித்தது. யாரும் அசையவில்லை. பிறகு காற்று எழுந்தது.

எனக்கு ஒரே காற்றாகத்தான் கேட்டது, அக்கா. நான் குழாயின் வாயில் பிடித்த அதே காற்று, எழுந்து, பெருகி, அடங்கியது. நீ என்ன செய்திருக்கிறாய் என்றே எனக்குப் புரியவில்லை.

ஆனால் அந்தத் தலைகள் எல்லாம் இடது சுவர்ப் பக்கம் திரும்பின. யாரும் சொல்லாமல், ஒரே நேரத்தில். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் ஸ்பீக்கர். அப்புறம் மெல்ல மெல்ல, வரிசை வரிசையாக, நடுவுக்கு வந்தன. தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தன. ஒரு பெண் குழந்தை கையை நீட்டி எதையோ பிடிக்கப் போனாள். பிறகு மொத்தத் தலைகளும் வலது பக்கம் போய், கதவைப் பார்த்தன, யாரோ வெளியே போய்விட்டது போல. தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா கூடக் கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தார்.

நீ திரையில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அதனால் உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் என் வலது பக்கம் குனிந்து, "கேட்டுச்சாடா?" என்றாய். சும்மா தலையை ஆட்டிவிட்டேன்.

கேட்கவில்லை, அக்கா. பார்த்தேன். இடது சுவரிலிருந்து வலது கதவு வரை, முழுசாகப் பார்த்தேன்.

உன்,
தம்பி